ஒருவேளை அக்காவும் அத்தானின் டீசல் வண்டியும்

என் அக்காவுக்கு அம்மாவும் அப்பாவும் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. வீட்டிலும் தெருவிலும் அவள் ‘ஒருவேளை அக்கா’. யார் எதைச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். “ஒருவேளை கேஸை மூடாம வந்துட்டேனோ?” “ஒருவேளை மழை வந்துட்டா துணி?” கதவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், படியிறங்குவாள், திரும்ப ஏறி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் அந்தப் பூட்டே அலுத்துப்போய்த் தானாகத் திறந்துகொள்ளப் போகிறது என்று கேலி செய்வேன். “ஒருவேளை திறந்துகிட்டா?” என்பாள். அவளிடம் கேலி செய்தும் பயனில்லை.

வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். அவள் தைத்த பொத்தான் அறுந்து யாரும் பார்த்ததில்லை. அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து ஒவ்வொன்றுக்கும் இன்னொரு சுற்று நூல் இழுத்திருப்பாள். அந்தக் கூடுதல் நூலுக்கு யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. பொத்தான் அறுந்தால்தானே நினைப்பு வரும்?

இப்படி ஒருத்தியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். நல்ல செய்தியை அவளிடம் சொல்வார்கள், கெட்ட செய்தியை என்னிடம் சொல்வார்கள். அவள் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காய்ச்சல் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். “மாமா, அம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்க.” பாவம், பயப்படுவாள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி சோம்பேறித்தனம். அவளிடம் ஒன்றைச் சொன்னால் அன்றைக்குப் பொழுது முழுக்க அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவளிடம் அளந்துதான் பேசுவோம்.

இதில் கைதேர்ந்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஒரு தொழிற்சாலையின் ஆள் ஏற்றும் பேருந்தை வருஷக்கணக்கில் ஓட்டியவர். அக்கா எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்த ஒரே பதில், “ஒண்ணும் ஆகாது.” அதை அவர் சொல்கிற விதத்தில் நமக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிடும். பிறகு அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மையம் மேட்டுச் சாலையெல்லாம் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஒரு தடவை சொல்லி வைத்திருந்த வாடகை வண்டி வரவில்லை. அடுத்த வண்டி கிடைப்பதற்குள் அவருடைய முறை போய்விட்டது. மறுநாள் அவருக்கு மூச்சு இழுக்க, அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதை அக்கா மறக்கவில்லை. அன்றிலிருந்து யார் வண்டியையும் அவள் நம்புவதில்லை. அத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருந்த டீசல் காரை, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொடுத்தவர் அத்தான்தான். நான் ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அதற்கு மேல் என் பொறுமை தாங்கவில்லை.

“ஒருவேளை பிரேக் பிடிக்கலைன்னா?”

“கியரைக் குறைச்சுக்கிட்டே வா, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு.”

“ஒருவேளை ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கலைன்னா?”

“இவன் பின்னாடி சும்மாதானே உக்காந்திருக்கான், இறங்கிப் பிடிப்பான்.”

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அடுத்தது. “ஒருவேளை சாவியை அணைச்சும் எஞ்சின் நிக்கலைன்னா?”

“சாவியை அணைச்சா எப்படி அக்கா நிக்காம ஓடும்?” என்று நான் கத்திவிட்டேன். டீசல் எஞ்சின் அப்படி ஓடக்கூடும் என்று எனக்குத் தெரியும். டீசல் வண்டி பழுதுபார்ப்பதுதானே என் பிழைப்பு. ஆனால் அதைச் சொன்னால் அவள் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவாள் என்று பயம். அத்தான் மட்டும் நிதானமாகச் சொன்னார்: “மேல் கியரைப் போடு. பிரேக்கை ஏறி மிதி. கிளட்சைச் சட்டுனு விட்டுடு. மூச்சடைச்சு நின்னுடும். ஒண்ணும் ஆகாது.” அவள் உதட்டை அசைத்து அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் வேலைகள் இப்படிப் பிரிந்துபோயின. அத்தானின் தண்ணீரை அக்கா அளந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். மருந்து விழுங்கவும் அதிலிருந்துதான். உடம்பில் நீர் ஏறினால் மூச்சு முட்டும், இதயம் தடுமாறும் என்று டாக்டர் சொன்னதை அவள் காதுகள் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தன. மையத்தில், நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எடை பார்க்கும் அறைக்குள் அவளை விடமாட்டார்கள். வெளியே வந்ததும் கேட்பாள். “சரியா இருக்கு,” என்பார் அத்தான். வண்டியை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அதற்கும் ஒரே பதில்: “சரியா இருக்கு.” நான் பக்கத்தில் போனால் போதும், “ஏன் மச்சான், ஞாயித்துக்கிழமையும் கை அரிக்குதா?” என்று பானெட்டை மூடிவிடுவார். பேருந்து ஓட்டியவருக்கு மெக்கானிக் என்றாலே ஒரு இளக்காரம்.

வண்டியின் கோளாறு முதலில் ஒருநாள் காலையில்தான் தெரிந்தது. சாவியைத் திருகினால் உடனே பிடிக்கவில்லை. திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிடித்தபின் டொக்டொக்கென்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. அக்கா எனக்குப் போன் செய்தாள். “தம்பி, இது நேத்து மாதிரி இல்லடா.” அத்தான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “பனிக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லு. ஒண்ணும் ஆகாது.” அவள் சொன்னால் எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் கழித்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. பக்கத்து சீட்டில் அத்தான் துவண்டு கிடக்கிறார், டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போகும். அக்கா சாவியைத் திருகுகிறாள், திருகுகிறாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று பிற்பாடு சொன்னாள். எப்படியோ பிடித்தது. வீடு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். குரல் நடுங்கவில்லை. “நாளைக்கு வண்டி உன் பட்டறைக்கு வருது. நாளன்னிக்குக் காலையில அவர் டயாலிசிஸ்ல இருக்கணும். இடையில ஒரு நாள்தான். முடியுமா, முடியாதா?”

“முடியும்,” என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது.

எங்கள் பட்டறை டீசல் வண்டிக்கு மட்டும். நீண்ட தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சுவரோரம் கழற்றி வைத்த எஞ்சின்கள். விடிந்த கையோடு அக்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அத்தானும் கூடவே வந்திருந்தார். வண்டியைத் தனியாக என் கையில் விட அவருக்கு மனசு வருமா? முதலாளியின் நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர், சாய்ந்துகொள்ளாமல் முழங்காலில் கையூன்றி நிமிர்ந்தே இருந்தார். வெயிலிலும் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். எனக்கு எஞ்சின் மீது கண், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வண்டியில் நான்கு இன்ஜெக்டர்கள். டீசலை மிக அதிக அழுத்தத்தில், தூசியைவிடப் பொடியான சாரலாக எஞ்சினுக்குள் பீய்ச்சுவது அவற்றின் வேலை. எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் மிச்சமான டீசலை ஒரு சின்னக் குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். அந்தக் குழாய்களைக் கழற்றி, ஆளுக்கொரு பாட்டில் மாட்டி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். நல்ல இன்ஜெக்டர் கொஞ்சமாகத் திருப்பும். தேய்ந்தது நிறையத் திருப்பும். பானெட்டின் விளிம்பில் நான்கு பாட்டிலைத் தொங்கவிட்டு, மெல்லிய குழாய்களை மாட்டினேன்.

“இங்கயும் டியூப்தானா?” என்றார் அத்தான். “இவனுக்கும் ஊசி போடுறியா மச்சான்?”

அக்கா பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு எண்ணிப் பழகிய கண். “மூணாவது சீக்கிரம் ஏறுதுடா,” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. மூன்றாவது பாட்டில் பாதியைத் தாண்டியபோது முதல் இரண்டிலும் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. நான்காவதும் சந்தேகம்தான். “ஒருவேளை நாலும் போயிடுச்சுன்னா?” என்றாள். “போகல,” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கரி பிடித்து இறுகியிருந்தது. வலுவாக இழுத்தால் எஞ்சினின் தலைப்பகுதியே கெட்டுவிடும். அதை இறக்கிச் சரிசெய்ய வாரக்கணக்காகும். இடையில் இருப்பது ஒரு நாள். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊற வைத்தேன், அசைத்தேன், மறுபடி ஊற்றினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் அது வந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மற்றவற்றையும் கழற்றி, நான்கையும் தெருமுனையில் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் பம்ப் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு மேடையில் பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். முதல் இரண்டும் அழகாகச் சாரல் அடித்தன. நான்காவது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தது. மூன்றாவது சாரலே அடிக்கவில்லை. வாஷர் போன குழாய் போலச் சொட்டியது. “ரொம்ப நாளாச் சொட்டியிருக்கு,” என்றார் பம்ப் கடைக்காரர்.

புதிதாக இரண்டு வாங்கினேன். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, பழைய செம்பு வாஷர் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, புது வாஷர் போட்டு இறக்கினேன். ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். அக்கா அதை உரக்கப் படித்தாள், நான் அழுத்தினேன். ஒருவேளை தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை படித்தாள். அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

பிறகு ஆயிலைப் பார்க்கலாம் என்று கம்பியின் மேல் கையை வைத்தேன்.

“அதைத் தொடாதே,” என்றார் அத்தான் நாற்காலியிலிருந்து. “ஞாயித்துக்கிழமைதான் பார்த்தேன். சரியா இருக்கு.”

“அத்தான், மூணாவது எவ்வளவு நாளாச் சொட்டுச்சோ...”

“சரியா இருக்குன்னு சொல்றேன்ல? இருவத்தஞ்சு வருஷம் எவன் பார்த்தான் ஆயிலை? நீயா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் நோயாளி, அக்காவின் முன்னால் எதற்குச் சண்டை என்று கையை எடுத்துவிட்டேன். வண்டி பிடித்து ஓடட்டும், அவர் டீ குடிக்க நகரும் நேரத்தில் ஆயிலை மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன். எங்கள் குடும்ப வண்டி, எங்கள் குடும்ப வழக்கப்படியே நடந்துகொண்டேன்.

அக்கா சீட்டில் ஏறினாள். சாவியைத் திருகினாள். ஒரே திருகில் பிடித்தது. டொக்டொக் இல்லை, புகை இல்லை, பஞ்சில் வைத்து இழுத்த மாதிரி ஓடியது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! “மெதுவா ஆக்சிலேட்டரை மிதி அக்கா,” என்றேன். மிதித்தாள். “போதும், விடு.”

சத்தம் இறங்கவில்லை.

“விடுன்னு சொன்னேன்ல?”

“விட்டுட்டேன்டா!”

சத்தம் ஏறியது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. “சாவியை அணை!”

“அணைச்சுட்டேன்! அணைச்சுட்டேன்டா!”

எஞ்சின் நிற்கவில்லை. அது இப்போது டீசலில் ஓடவில்லை. தன்னுடைய ஆயிலையே உறிஞ்சி எரித்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆயில் தீரும்வரை, அல்லது வெடித்துச் சிதறும்வரை அது நிற்காது. பட்டறை முழுக்க நீலம் கலந்த வெள்ளைப் புகை. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆட்கள் வெளியே ஓடினார்கள். காற்றை அடைத்தால் நிற்கும், காற்றுக் குழாயின் கிளிப்பைக் கழற்றப் போனேன், கை வழுக்குகிறது, திருப்புளி எங்கே போனது என்று தெரியவில்லை. “இறங்கி ஓடு அக்கா!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் இறங்கவில்லை. புகைக்குள் அவள் உதடு அசைவது மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வண்டி ஒரு முறை முன்னால் துள்ளியது. முக்கி, குலுங்கி, ஒரு அடி அடித்து, நின்றது.

அப்படியொரு அமைதியை அந்தப் பட்டறையில் நான் கேட்டதில்லை. கதவைத் திறந்தேன். வண்டி மேல் கியரில் இருந்தது. அவள் வலது கால் பிரேக்கின் மேல் விறைத்துப்போய் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

“தம்பி,” என்றாள். “இப்ப காலை எடுக்கலாமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று திரும்பிக்கொண்டேன். நேராகப் போய் அந்தக் கம்பியை உருவினேன். இருக்கவேண்டிய கோட்டுக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. ஆயிலா அது? தண்ணீர் மாதிரி வழிந்தது, டீசல் வாடை அடித்தது. மூன்றாவது இன்ஜெக்டர் இத்தனை நாள் சொட்டியதெல்லாம் உள்ளே இறங்கி ஆயிலோடு கலந்து, அளவைத் தாண்டி, எஞ்சினின் காற்றுவழிக்குள்ளேயே ஏறிவிட்டிருந்தது.

கம்பியை அத்தானின் மூக்குக்கு நேராக நீட்டினேன். “இதுதான் சரியா இருக்கா? அவ உள்ள இருந்தா, தெரியுமா? அவ உள்ள இருந்தா!”

அத்தான் கம்பியைப் பார்க்கவில்லை. புகையில் இருமிக்கொண்டே அக்காவைப் பார்த்தார். வாதாடுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு,” என்றார்.

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாமயா இருக்கும்? இன்ஜெக்டர் ஒழுகினா ஆயில் ஏறும்னு எனக்குத் தெரியாதா? சொன்னா வண்டியை நிறுத்தணும். நிறுத்தினா இவ தூங்க மாட்டா, நாளைக்கு எப்படிப் போறதுன்னு உயிரை விட்டுடுவா. அதான் நானே வாராவாரம் ஊசியும் டியூபும் வெச்சு, ஏறினதை உறிஞ்சி எடுத்துடுவேன். கோட்டுக்குச் சரியா நிறுத்தி வெச்சிருந்தேன். இப்பக் கொஞ்ச நாளாத்தான் எடுக்கல.”

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கேட்டது எனக்குத் தோன்றவே இல்லாத கேள்வி.

“ஏன் எடுக்கல?”

“என்னது?”

“கொஞ்ச நாளா ஏன் எடுக்கல?”

அவர் மென்று விழுங்கினார். “குனிய முடியல.”

“ஏன் குனிய முடியல?”

அக்கா தரையில், அந்த எண்ணெய்த் தரையில், மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவர் கம்பளிக் காலுறையைக் கீழே இறக்கினாள். காலுறையின் விளிம்பு சதைக்குள் பள்ளமாக இறங்கியிருந்தது. அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மேலே வரவில்லை.

“குனிஞ்சா மூச்சு முட்டுது,” என்றார் அத்தான். “படுத்தாலும் முட்டுது. அதான் நாற்காலியில தூங்குறேன். புழுக்கம்னு உன்கிட்ட சொன்னேன்.”

“எடை?”

“ஏறிக்கிட்டுதான் இருக்கு. அங்க நர்ஸ் சொன்னாங்க, வாரத்துல இன்னொரு நாளும் வரணுமாம். மூணு நாளே இந்த வண்டியை வெச்சுக்கிட்டு நீ படுற பாடு... நாலாவது நாளை எப்படிச் சொல்றது? சொன்னா பயப்படுவே.”

அக்கா காலுறையை மறுபடி ஏற்றிவிடவில்லை. பிறகு சொன்னாள், சத்தம் போடாமல்தான் சொன்னாள்:

“நான் எப்பவும் பயந்துக்கிட்டுதாங்க இருக்கேன். நீங்க யாரும் சொல்லாததால என்னிக்காவது பயப்படாம இருந்திருக்கேனா? எதுக்குப் பயப்படணும்னு தெரியாம எல்லாத்துக்கும் பயப்படுறேன். பூட்டுக்கும் பயப்படுறேன், கேஸுக்கும் பயப்படுறேன். இதைச் சொல்லியிருந்தா இதுக்கு மட்டும் பயந்திருப்பேன்ல?”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மகளின் காய்ச்சல் உட்பட என் வாய்க்குள் எத்தனை இருந்தன என்பது எனக்குத்தான் தெரியும்.

முதலாளி இதற்குள் வெளியிலிருந்து வந்துவிட்டார். விஷயம் கேட்டவர் பாக்கெட்டிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். நான் ஓட்டுகிறேன் என்று நீட்டிய கையை அக்கா தட்டிவிட்டாள். “உன் கை நடுங்குது. பின்னாடி ஏறு.” நடுங்கியது உண்மைதான், அவளுடையது நடுங்கவில்லை. மையத்துக்குப் போன் போட்டு, மூச்சு முட்டுகிறது, கால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே வருகிறோம் என்று அவளே பேசினாள். ஒருவேளை என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. உடனே கூட்டி வரச் சொன்னார்கள்.

அத்தானைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முன்சீட்டில் உட்கார வைத்தோம். சீட்டை நிமிர்த்தி, முதுகுக்கு முட்டுக்கொடுத்தேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அந்த நிலையிலும் அவருக்கு முகம் சுருங்கியது. “பெட்ரோல் வண்டியா மச்சான்?” என்று மூச்சுக்கு நடுவே கேட்டார். “வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுங்க,” என்றேன்.

வழியெல்லாம் எனக்குப் பதைப்புதான். ஒவ்வொரு மூச்சையும் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு வந்தேன். அக்கா வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் ஓட்டினாள். மேட்டுச் சாலை இறங்கிப் பாலம் வந்தது. முன்பு வண்டி நின்றுபோன அதே இடம். அங்கே போக்குவரத்து நெரிந்து நின்றது. அத்தான் இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அக்கா முன்னால் நிற்கிற லாரியைப் பார்த்தபடியே கேட்டாள்:

“ஒருவேளை இங்கேயே ரொம்ப முட்டுச்சுன்னா?”

“ஒண்ணும்...” என்று அத்தான் ஆரம்பித்தார். நிறுத்தினார். ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

“இப்பவே முட்டுதும்மா,” என்றார்.

அக்கா ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினாள். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, முன்னால் இருந்த வண்டிகளையெல்லாம் தட்டித் தட்டி விலகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அந்தக் கார் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அத்தானின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.